ஜெபமணியின் லாரிக்கு வேறு எஞ்சின்

ஷெட்டில் இப்போது கையில் கிரீஸோடு நிற்கிற தம்பிகளுக்கும், புதிதாக வந்து சேர்ந்திருக்கும் இரண்டு பேருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எஞ்சினை எப்படி இறக்குவது, எப்படி ஏற்றுவது என்பதெல்லாம் இதில் இருக்காது. அது உங்களுக்கே தெரியும். தெரியாதவனுக்கு செயின் பிளாக்கில் இரண்டு தடவை விரல் நசுங்கினால் தெரிந்துவிடும். நாற்பது வருஷம் டீசல் எஞ்சின்களோடு கிடந்தவன் நான். வேலை தெரிந்த ஆள் என்று பெயர் வாங்கினேன், வாய்க்கொழுப்புப் பிடித்த ஆள் என்றும் பெயர் வாங்கினேன். இரண்டுமே சரிதான். அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு மனிதரிடம் நான் எப்படி நடந்துகொண்டேன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

ஒரு நாள் காலையில் முதலிபாளையம் ஷெட்டுக்கு ஆறு சக்கர லாரி ஒன்றைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஓட்டுகிறவர், சொந்தக்காரர் எல்லாம் ஒருவரே. ஜெபமணி. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். சின்ன வயதில் பல்லடத்துக்குத் தறி ஓட்ட வந்தவர், பிறகு இந்தப் பழைய லாரியை வாங்கினார். நிட்டிங் கம்பெனி ஒன்றில் துணி ரோலை ஏற்றிக்கொண்டு போய் சாயப்பட்டறையில் இறக்குவார், சாயம் போட்டதைத் திரும்ப எடுத்து வருவார். மற்ற லாரிகளில் கிளீனர் உட்காரும் இடத்தில் இவருடைய மனைவி எஸ்தர் உட்கார்ந்திருப்பார். எந்நேரமும். "குடும்ப வண்டி வந்துடுச்சுடோய்" என்று நம் ஷெட்டில் ஒரு கேலி உண்டு.

குனிந்து பார்த்தேன். கனெக்டிங் ராடு எஞ்சின் பிளாக்கைப் பொத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. ஓட்டைக்குள் என் கை முழுசாகப் போனது. இந்த மாதிரிச் சாவு திடீரென்று வராது என்பது உங்களுக்குத் தெரியும். நாலைந்து நாளாவது பேரிங் அடித்துக்கொண்டிருந்திருக்கும்.

"ஏனுங்க ஜெபமணி, டொக்கு டொக்குன்னு அடிச்சிருக்குமே? அன்னைக்கே நிறுத்தியிருந்தா ஒரு பேரிங்கோட போயிருக்குமுங்க. எதுக்கு ஓட்டுனீங்க?"

அவர் எஸ்தரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "வேலை நெருக்கடி அண்ணாச்சி. ஓட்டிட்டேன்."

"நல்லா ஓட்டுனீங்க போங்க! வண்டி கதறக் கதற ஓட்டிப்போட்டு இங்க வந்து சிரிக்கறீங்க!"

எஸ்தர் தலையைக் குனிந்துகொண்டார். நான் இன்னும் நாலு வார்த்தை சேர்த்துத் திட்டினேன்.

அந்த மாடல் எஞ்சினைக் கம்பெனி கைவிட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. பிளாக் கிடைக்காது, கிராங்க் கிடைக்காது. கோயம்புத்தூர், சேலம், நாமக்கல் என்று பழைய சாமான் கடைகளில் தேடினேன். நாமக்கல்லில் ஒன்று இருந்தது. எஞ்சினைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிற தண்ணீர்ச் சட்டையில் விரிசலுக்கு வெல்டிங் வைத்து பெயின்ட் அடித்து வைத்திருந்தார்கள், விரலால் தடவினாலே தெரிந்தது. அடுத்த கடையில், விபத்தில் சிக்கிய புது மாடல் லாரியின் டர்போ எஞ்சின் கிடைத்தது. பேப்பர் எல்லாம் ஒழுங்காக இருந்தது. அதையே போட்டுவிடலாம் என்று முடிவெடுத்தேன்.

ஜெபமணிக்கு முகம் செத்துப்போயிற்று. "பழசையே தேடிப் போடுங்க அண்ணாச்சி. எத்தனை நாளானாலும் நான் இருக்கேன். அதுதான் எனக்குக் கைப்பழக்கம்."

"பழக்கமாவது ஒண்ணாவது! செத்துப்போன எஞ்சினுக்கு இன்னொரு சாகப்போற எஞ்சினைக் கொண்டாந்து போடச் சொல்றீங்களா?"

எஸ்தரும் சொன்னார், "இவுக சொல்லுறதக் கொஞ்சம் யோசிங்கண்ணே." நான் "அம்மணி, இது பனியன் தைக்கற மெஷினில்லீங்க, எங்களுக்குத் தெரியும்" என்றேன்.

எஞ்சின் விஷயத்தில் அந்த முடிவு சரி. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் ஒரு மனிதர் ஓட்டை எஞ்சினுக்காக இப்படிக் கெஞ்சுகிறாரே, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டேனா? கேட்கவில்லை. ஏதோ பழசின் மேல் பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் வேலை. எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கிற சம்ப் முன் ஆக்ஸிலில் இடித்தது, அதற்காக எஞ்சினைத் தாங்கும் மவுன்டிங் பிராக்கெட் எல்லாம் புதிதாக வளைத்தேன். ஆர்.டி.ஓ. ஆபீஸில் அனுமதி வாங்கி, எஞ்சின் நம்பரை ஆர்.சி.யில் ஏற்றினோம். வேலை முடியும்போது எனக்கு ஒரு நல்ல எண்ணம் வந்தது. எஸ்தர் நாள் முழுக்க எஞ்சின் பக்கத்தில் உட்கார்கிறாரே, சூடும் ஆட்டமும் தெரியக் கூடாது என்று எஞ்சின் மூடிக்கு இரட்டைக் கம்பளி ஃபெல்ட் துணியும் ரப்பர் ஷீட்டும் ஒட்டினேன். எஞ்சினுக்கு அடியில் தடிமனான ரப்பர் புஷ் போட்டேன். ஆயில் பிரஷர் இறங்கினால் கத்துகிற ஒரு பஸ்ஸரையும் டேஷ்போர்டுக்கு அடியில் பொருத்தினேன். ஜெபமணியிடம் அதை விளக்கியது டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டுதான். "சரி அண்ணாச்சி" என்றார்.

ஸ்டார்ட் பண்ணும் அன்று எஸ்தர் முக்காடு போட்டு ஜெபம் செய்தார். நம் ஆட்கள் அவர்கள் பாட்டுக்கு ஆறு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஜெபமணி சாவியைத் திருகிவிட்டு கியர் கம்பியின் மேல் உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

"ஓடுதா அண்ணாச்சி?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "பாத்தீங்களா? ஓடறதே தெரியலை! அதுதானுங்க வேலை!"

பத்து நாளில் மூன்று தடவை திரும்ப வந்தார். முதல் தடவை கிளட்ச் கருகியிருந்தது. மாற்றிக் கொடுத்தேன். இரண்டாவது தடவை "வண்டியில உயிரே இல்ல அண்ணாச்சி" என்றார். ஓட்டிப் பார்த்தேன், குதிரை மாதிரிப் பாய்கிறது. மூன்றாவது தடவை அதே புகாரோடு வந்தபோது எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஷெட்டில் அத்தனை பேர் முன்னாலும், "எஞ்சினுக்கு ஒரு கெரகமும் இல்லீங்க! உங்களுக்குத்தான் ஓட்டத் தெரியலை! ஏறுங்க வண்டியில, நானும் வர்றேன்" என்று கத்தினேன்.

காங்கேயம் ரோட்டில் ஏறினோம். எஸ்தர் நடுவில், நான் கதவோரம். இரண்டாவது கியரில் எஞ்சின் அலறுகிறது, மனிதர் கியர் மாற்றவே இல்லை. திடீரென்று மாற்றுவார், அப்போது எஞ்சின் திணறும். பதினோரு வருஷம் லாரி ஓட்டியவர், நேற்று லைசென்ஸ் எடுத்த ஆள்போல ஓட்டினார். கியர் கம்பியைத் திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டே, என்னிடம் எஞ்சினைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டு வந்தார்.

அப்போது பஸ்ஸர் கத்தியது. காதைக் கிழிக்கிற சத்தம். நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். அவர் பேச்சையே நிறுத்தவில்லை. "நிறுத்துங்க!" என்றேன். ரோட்டைப் பார்த்தபடி பேசிக்கொண்டே போகிறார். "அட நிறுத்துங்கன்னா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். எஸ்தர் அவர் தொடையில் இரண்டு தட்டுத் தட்டினார். சட்டென்று ஜெபமணி பிரேக் போட்டு ஓரம் கட்டி, ஸ்டாப் கம்பியை இழுத்து எஞ்சினை அணைத்துவிட்டார். எதற்கு என்று கேட்கவே இல்லை.

குதித்து இறங்கிப் பார்த்தேன். ஆயில் பைப் அறுந்து சொட்டிக்கொண்டிருந்தது. நான் வளைத்த பிராக்கெட்டின் விளிம்பில் உரசி உரசி அறுந்திருக்கிறது. என் தப்பு. இன்னும் ஒரு நிமிஷம் ஓடியிருந்தால் இந்த எஞ்சினும் போயிருக்கும். கேபினுக்குள் தலையை நீட்டினேன். சாவி ஆனில் இருந்ததால் பஸ்ஸர் அப்போதும் கத்திக்கொண்டுதான் இருந்தது.

"ஏனுங்க, இந்த பஸ்ஸர் கேக்கலையா உங்களுக்கு?"

அவர் என் வாயையே பார்த்தார். "எந்த பஸ்ஸர் அண்ணாச்சி?" என்று சிரித்தார்.

எஸ்தர் கையை நீட்டிச் சாவியை அணைத்தார்.

ரோட்டோரப் புளியமரத்தடியில் நின்று எஸ்தர் சொன்னார். ஜெபமணி வண்டியை விட்டு இறங்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பன்னெண்டு வருசம் தறி குடோன்ல நின்னாக அண்ணே. நாப்பது தறி ஒரே கூரைக்குள்ள. காதக் குடுத்துட்டுத்தான் இந்த லாரிய வாங்குனாக. நேருக்கு நேர் பேசுனா வாயப் பாத்துப் புரிஞ்சுக்கிடுவாக. பின்னால ஆரன் அடிச்சா நான் தொடையில தட்டுவேன். எஞ்சின் எப்படி ஓடுதுன்னு கியர் கம்பியில கை வெச்சா அவுகளுக்குத் தெரிஞ்சிரும். நீங்க போட்ட எஞ்சின்ல அது ஒண்ணுமே தெரியலையாம். ராத்திரி படுத்தா தூங்க மாட்டேங்காக."

மோட்டார் மெஷினில் தைக்கிற பவர் டேபிள் டைலராக இருந்த பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டுத்தான் எஸ்தர் அந்த லாரியில் ஏறியிருக்கிறார். ஜெபமணிக்குக் காது கேட்காதது லோடு கொடுக்கிற நிட்டிங் கம்பெனி மேனேஜருக்குத் தெரிந்தால் அன்றைக்கே வண்டியை நிறுத்திவிடுவார்கள் என்று இரண்டு பேரும் யாரிடமும் மூச்சு விடவில்லை.

"பழைய எஞ்சின் அடிச்சது எனக்குக் கேட்டுச்சு அண்ணே. அது எஞ்சின்னு தெரியல. பின்னால பலகை ஏதோ லூசா ஆடுதுன்னு நெனச்சு இவுககிட்டச் சொல்லாம விட்டுட்டேன். அன்னைக்கு நீங்க திட்டுனீகளே, அது இவுகளுக்கு இல்ல. எனக்குத்தான்."

பழைய எஞ்சினையே போடச் சொல்லி அவர்கள் கெஞ்சியதும், நான் ரப்பரும் ஃபெல்ட்டும் ஒட்டிப் பெருமைப்பட்டதும் அங்கே நின்றபோதுதான் புரிந்தது. நல்லது செய்கிறேன் என்று அந்த மனிதருக்கு மிச்சமிருந்த ஒரே பிடியையும் பிடுங்கிவிட்டேன்.

வண்டியை ஷெட்டுக்கு இழுத்து வந்து அரை மணி நேரத்தில் பைப்பை மாற்றிவிட்டேன். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. ஜெபமணி வந்து கையை நீட்டினார்.

"குடுங்க அண்ணாச்சி. கம்பெனியில லோடு நிக்குது."

"உங்களுக்குக் காது கேக்கறதில்லைங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நல்லாவே கேக்கும். அவ பயந்துபோய் எதையாவது சொல்லுதா."

நான் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன். சாதாரணக் குரலில், "ஜெபமணி, உங்க வண்டி பத்தி எரியுதுங்க" என்றேன். திரும்பிப் பார்த்தபோது அவர் கையை நீட்டியபடியே நின்றுகொண்டிருந்தார். நம் ஆட்கள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள். எஸ்தர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த முகங்களைப் பார்த்துத்தான் ஏதோ நடந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது. என் ஆயுசில் அதைவிடக் கேவலமான காரியம் நான் செய்ததில்லை.

அவர் ஒரு டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார். "பதினோரு வருசத்துல ஒரு கோழி மேலகூட ஏத்துனதில்ல அண்ணாச்சி."

நான் அவர் எதிரில் குந்தி, முகத்துக்கு நேராகச் சொன்னேன். "அம்மணி கூடவே இருந்ததால ஏத்தலைங்க. ஒரு நாளைக்கு அவங்களுக்குக் காய்ச்சல் வந்தா?"

வண்டி அவருடையது, சாவியைப் பிடித்து வைக்க நான் யார்? கொடுத்தால் ரோட்டில் போகிற எவன் குடும்பமோ அழியும், கொடுக்காவிட்டால் இவர் சோற்றில் நான் மண்ணள்ளிப் போட்டவன் ஆவேன். போலீஸிடம் சொல்லலாம், மேனேஜரிடம் சொல்லலாம். சொல்லிவிட்டால் என் தலை தப்பிவிடும், அவர் தலை உருளும். இந்த மாதிரி நேரத்தில் எந்தப் புத்தகமும் துணைக்கு வராது தம்பிகளா. உட்கார்ந்து ஒரு டீ குடிக்கிற நேரம் யோசித்தேன்.

பிறகு மேனேஜருக்குப் போன் போட்டு, "என் தப்புங்க, ஆயில் பைப்பைச் சரியாப் போடலை, வண்டி ரெண்டு நாள் ஷெட்டுல நிக்கும்" என்றேன். அது உண்மையும்கூட. எனக்குத் தெரிந்த இன்னொரு லாரியை லோடுக்குத் தாட்டிவிட்டேன். ஜெபமணியிடம், "நாளைக்குக் காலையில பெரியாஸ்பத்திரிக்குப் போலாமுங்க. டாக்டர் என்ன சொல்றாரோ அதுதான். காதுக்கு மெஷின் வெச்சு ஓட்டலாம்னு எழுதிக் குடுத்தா சாவி உங்களுது. வேண்டாம்னு சொன்னா வேற ஆளை ஓட்டவெச்சு வண்டியை நடத்தலாம், நானே ஆள் பாத்துத் தர்றேன். மத்தபடி யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்" என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அன்று மத்தியானமே நான் ஒட்டியதை எல்லாம் நானே பிய்த்தேன். ஜெபமணியைக் கியர் கம்பியில் கை வைக்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு புஷ்ஷாக மாற்றினேன். ரொம்ப மெத்தென்று இருந்ததை எடுத்துவிட்டுக் கடினமானதைப் போட்டபோது அவர் கண்ணை மூடிக்கொண்டு, "இப்பத் தெரியுது" என்றார். எஞ்சின் சுற்றுகிற வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். மீட்டர் ஒன்றை வைத்து, கியர் மாற்ற வேண்டிய இடத்தில் மஞ்சள் பெயின்டால் கோடு போட்டேன். பஸ்ஸர் ஒயரிலேயே ஒரு பெரிய சிவப்பு விளக்கைக் கண்ணுக்கு நேராக மாட்டினேன். எஸ்தரையும் பக்கத்தில் உட்காரவைத்து, இந்தச் சத்தம் என்றால் இது, அந்தச் சத்தம் என்றால் அது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

நீங்கள் பதறாமல் இருக்க முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ஜெபமணி இன்றைக்கும் அதே லாரிதான் ஓட்டுகிறார். இரண்டு காதிலும் மெஷின் இருக்கிறது. ஓட்டலாம் என்று டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்த பிறகுதான் சாவியைக் கொடுத்தேன், அதற்கு மூன்று வாரம் ஆனது. மேனேஜரிடம் அவரே போய் மெஷினைக் காட்டிச் சொல்லிவிட்டார். மேனேஜர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "எங்கப்பாவும் தறிதானுங்க" என்றாராம், அவ்வளவுதான். எஸ்தர் திரும்பவும் பவர் டேபிளுக்குப் போய்விட்டார்.

ஆனால் நான் சொல்ல வந்தது ஆஸ்பத்திரியில் நடந்தது. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பெயரைக் கூப்பிட்டார்கள், ஜெபமணி எழுந்திருக்கவில்லை. பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எஸ்தர் இழுத்துப் பார்த்தார், நகரவில்லை. "அண்ணாச்சி போய்ட்டு வந்தா நான் போறேன்" என்றார், பள்ளிக்கூடம் போகாத பிள்ளை மாதிரி.

"அட, இதுக்கென்னங்க, ஊசியா போடப்போறாங்க?" என்று நான் எழுந்து போய்ச் சீட்டுப் போட்டுக்கொண்டேன். சின்ன அறை. ஒரு நர்ஸம்மா காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் இந்தப் பட்டனை அழுத்துங்கள் என்றார். முதலில் கேட்டது, அழுத்தினேன். பிறகு கேட்டது, அழுத்தினேன். அப்புறம் ஒன்றும் வரவில்லை. உட்கார்ந்தே இருந்தேன். ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்து எந்த சிலிண்டர் அடிக்கிறது என்று சொல்கிற ஆள் நான், எனக்கு எதற்கு இந்த வேலை என்று எரிச்சல் வந்தது.

"ஏனுங்கம்மணி, மெஷினை ஆன் பண்ணுங்க, எவ்வளவு நேரம் உக்காந்திருக்கறது?"

அவர் ஒரு மாதிரி பார்த்தார். "ஓடிட்டேதானுங்க இருக்குது ஐயா."

என் காதைப் பற்றி எழுதிக் கொடுத்த சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். ஜெபமணி என் முகத்தையே பார்த்தார்.

"என்ன சொன்னாங்க அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்லீங்க. நல்லாத்தான் இருக்குதாம்."

அவர் கொஞ்ச நேரம் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் தோளில் கை வைத்தார். "இதைத்தான் அண்ணாச்சி நானும் பதினோரு வருசமாச் சொல்லிக்கிட்டு இருந்தேன்" என்றார். எழுந்து உள்ளே போனார்.

அவருக்கு இருந்த தைரியம் எனக்கு வரவில்லை. சீட்டை மடித்துப் பையில் வைத்தவன் வீட்டிலும் சொல்லவில்லை, ஷெட்டிலும் சொல்லவில்லை. நான் ஷெட்டை விடும் முன் கடைசி நாலு வருஷம், ஸ்டார்ட்டில் நிற்கிற வண்டி பக்கத்தில் உங்களில் ஒருவனைக் கூப்பிட்டு, "நீ சொல்லு பாக்கலாம், எங்க அடிக்குது?" என்பேனே, நினைவிருக்கிறதா? நான் உங்களுக்குப் பரீட்சை வைப்பதாக நினைத்துக்கொண்டு பயந்து பயந்து சொல்வீர்கள். நானும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நீங்கள் சொன்னதை வைத்துத்தான் தம்பிகளா நான் அந்த நாலு வருஷமும் வேலை பார்த்தேன்.